கறுப்பு பெல்ட்டும் பவானி ஜமக்காளமும்

கராத்தேக்காரர்களைப் பற்றி வெளியே அதிகம் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. எதிரே நிற்பவனின் தாடை உயரத்துக்குக் காலை வீசுகிற ஆசாமி, கீழே விழுந்த பஸ் டிக்கெட்டை எடுக்கக் குனிந்தால் 'அம்மா' என்பார். யாராவது பார்த்துவிட்டால், ஷூ லேஸ் கட்டுவதுபோல் பாவனை செய்வார்.

நானும் அந்த இனம்தான். திருச்சியில் பி.காம். முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த 1996-ல், உறையூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே சேர்ந்தேன். மாஸ்டர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலையில் இரும்பு, மாலையில் நாங்கள். இரண்டையும் ஒரே மாதிரிதான் தட்டினார்.

அவர் சொல்லிக்கொடுத்தது கோஜு-ரியு என்கிற ஒகினாவா பாணி. 'கோ' என்றால் கடினம், 'ஜு' என்றால் மென்மை. இருபது வயதில் யாருக்கு 'ஜு' வேண்டியிருக்கிறது? தரையில் முஷ்டியை ஊன்றி ஐம்பது தண்டால், நூறு பஸ்கி, அப்புறம் சான்சின். சான்சின் என்றால் மூன்று போர்கள் என்று அர்த்தம். உடம்பு, மனசு, மூச்சு என்று அந்த மூன்றுக்கும் விளக்கம் சொல்வார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தசைகளை இறுக்கிக்கொண்டு, தொண்டையில் சத்தம் வர மூச்சை விட்டுக்கொண்டு, மெதுவாக நடக்க வேண்டும். மாஸ்டர் சுற்றிவந்து தோளிலும் முதுகிலும் தொடையிலும் பளார் பளார் என்று அறைந்து பார்ப்பார். எங்காவது தொளதொளவென்று இருந்தால் இன்னொன்று விழும்.

2003-ல் கறுப்பு பெல்ட் வாங்கினேன். அதற்குள் கணக்குப்பிள்ளை ஆக வேண்டியவன் பத்திரிகைக்காரனாகி, சென்னைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஏரியா குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்திருந்தேன்.

2022 கடைசியில், என் நாற்பத்து நாலாவது வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க்ல ஒண்ணுமில்லை. தொடைக்குப் பின்பக்கமும் இடுப்பும் இறுகிப்போய்க் கிடக்கு. ஆறு மாசம் யாரையும் உதைக்காதீங்க" என்றார்.

பி.காம். படித்தவனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தேய்மானம். புத்தகத்தில் நேர்கோட்டு முறை என்று ஒன்று உண்டு, வருடா வருடம் ஒரே தொகை குறையும். உடம்பு அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. நாற்பது வரை கணக்கே எழுதாது. அப்புறம் மொத்தத்தையும் ஒரே வவுச்சரில் போட்டு நீட்டும்.

உதைக்கக்கூடாது என்றால் நான் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. பத்திரிகைக்காரன் என்பது வேலை. கராத்தேக்காரன் என்பதுதான் நான் என்று இருபத்தாறு வருடங்களாக இருந்துவிட்டேன். அந்த ஆறு மாசத்தைப் பற்றி யோசிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு யோகா கிளாஸ் நடக்கும். என் மனைவி இரண்டு வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தாள். "சும்மா வாங்களேன். அங்க யாரும் உங்களை அடிக்க மாட்டாங்க" என்றாள்.

டீச்சருக்கு வயது 68. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் நடத்தி ரிட்டயர் ஆனவர். ஏழு பெண்கள், ஒரு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், நான். விரிப்பு, வீட்டிலிருந்து கொண்டுபோன பவானி ஜமக்காளம். கராத்தே நண்பன் ஒருவனுக்கு விஷயம் தெரிந்து போன் செய்தான். "ஏண்டா, பாய் போட்டுப் படுக்கறதுக்கு ஃபீஸ் வேறயா?"

முதல் நாளே டீச்சர் என்னை நிற்கவைத்துக் கேட்டார். "தம்பி, கராத்தேன்னு சொன்னாங்க. காலைத் தூக்குங்க பார்ப்போம்."

சடாரென்று இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். வலி இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"நல்லது. அங்கேயே வைங்க. அஞ்சு மூச்சு."

இரண்டாவது மூச்சில் தொடை தந்தியடித்தது. மூன்றாவதில் கால் தானாக இறங்கிவிட்டது. பக்கத்தில் அறுபது வயது மாமி காலை முழங்கால் உயரத்துக்குத்தான் தூக்கியிருந்தார். ஆனால், கோபுரத்துப் பொம்மை மாதிரி அசையாமல் நின்றார்.

டீச்சர் சிரித்தார். "முதல்ல தூக்கினது தசை இல்லை தம்பி, மொமென்டம். வேகம் ஒரு நல்ல திரை. பின்னாடி என்ன இருக்குன்னு தெரியவிடாது."

அப்புறம் ஃபிசிக்ஸிலிருந்து பயாலஜிக்குப் போனார். ஒரு தசையை வெடுக்கென்று இழுத்தால் 'பிய்ந்துவிடப் போகிறோம்' என்று அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுருங்கும். முழங்காலில் டாக்டர் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறதே, அதே அனிச்சைச் செயல். மெதுவாக இழுத்து, பிடித்து, மூச்சை நீளமாக விட்டால் அது மெல்ல நம்பிக்கை வைத்து இடம் கொடுக்கும். "உங்க உடம்பு உங்களை நம்பலை. அவ்வளவுதான் பிரச்னை" என்றார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியில் சவாசனம். எல்லோரும் மல்லாந்து படுத்திருக்க, டீச்சர் ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கி, விட்டுப் பார்ப்பார். மாமியின் கை தொப்பென்று விழுந்தது. மேனேஜர் சார் கையும் விழுந்தது. என் கையைத் தூக்கிவிட்டு டீச்சர் தன் கையை எடுத்துக்கொண்டார். என் கை அந்தரத்திலேயே நின்றது.

"விடுங்க தம்பி."

"விட்டுட்டேனே டீச்சர்."

கண்ணைத் திறந்து பார்த்தால் கை நின்றுகொண்டிருக்கிறது. யாரையோ தடுப்பதற்குத் தயாராக.

பிடித்துவைக்கும் வித்தையை இருபத்தாறு வருடங்கள் பழகிய உடம்பு அது. விடும் வித்தைக்கு அதில் தனிப் பாடம் கிடையாது. அந்தக் கணத்தில்தான் எனக்கு யோகாவின் மேல் ஒரு சுவாரஸ்யம் தட்டியது. இடுப்பு வலிக்காக வந்தவன், அந்தக் கை எப்போது விழும் என்று பார்ப்பதற்காக மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

போகப் போக அதுவே பிடித்துப்போயிற்று. எதிரே ஆள் இல்லை. பாயின்ட் இல்லை. பெல்ட் இல்லை, கிரேடிங் இல்லை, கிரேடிங் ஃபீஸும் இல்லை. இன்றைக்கு நெற்றி முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது என்றால், அது எனக்கும் முழங்காலுக்கும் நடுவிலான விவகாரம். டீச்சர் சொல்லித்தந்த உஜ்ஜயி மூச்சு, தொண்டையை லேசாகக் குறுக்கி, தூரத்துக் கடல்போல ஒரு சத்தத்தோடு போய்வருவது. முதல் நாளே உடம்புக்கு அது அடையாளம் தெரிந்துவிட்டது. உறையூர் மைதானத்தில் சான்சினில் போட்ட அதே சத்தம், இங்கே அறை விழாமல்!

இந்த ஒற்றுமையைக் கொஞ்சம் தோண்டினேன். கோஜு-ரியுவை நிறுவிய மியாகி சோஜுன் ஒகினாவாவில் பிறந்தது 1888-ல். நவீன யோகாவின் பிதாமகர் திருமலை கிருஷ்ணமாச்சாரி மைசூர் சமஸ்தானத்தில் பிறந்ததும் 1888-ல்! 1930-களில் அவர் ஒகினாவாவில் இளைஞர்களுக்குச் சான்சின் பழக்கிக்கொண்டிருந்தபோது, இவர் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் பையன்களுக்கு ஆசனம் பழக்கிக்கொண்டிருந்தார். அங்கே அவரிடம் கற்றவர்கள்தான் பி.கே.எஸ்.ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும். கிருஷ்ணமாச்சாரி பிறகு நம் சென்னைக்கு வந்து, நூறு வயதைத் தாண்டி, 1989-ல் காலமானார். அவர் பெயரில் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய யோக மந்திரம் இங்கேதான் இருக்கிறது.

'எல்லாம் நம்ம போதிதர்மர் கொண்டுபோனதுதானே சார்' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்ததிலிருந்து என்னிடம் கராத்தே சேர வரும் அப்பாக்களில் பாதிப் பேர் கேட்பதும் இதைத்தான். போதிதர்மரையும் ஷாவோலின் சண்டைக்கலையையும் இணைக்கும் கதை அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 17-ம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. கதை அழகானதுதான். ஆனால், சண்டைக்காரன் மூச்சைத் தேடிப் போவதற்குத் தூதர் யாரும் தேவையில்லை.

பிரேசிலின் ரிக்சன் கிரேஸியைப் பாருங்கள். ஜியு-ஜிட்சு உலகில் பெரிய பெயர். அவரைப் பற்றி 1999-ல் வந்த 'சோக்' என்ற ஆவணப்படத்தில் ஒரு காட்சி உண்டு. வயிறு முதுகெலும்போடு ஒட்டிக்கொள்கிற மாதிரி உள்ளே போய், அலை அலையாகப் புரளும். நம் ஊரில் நௌலி என்போமே, அது. ரியோவில் ஓர்லாண்டோ கானி என்பவரிடம், யோகாவிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்ட ஒரு பயிற்சி முறையில் மூச்சைக் கற்றுக்கொண்டவர் அவர். கழுத்தை நெரிக்க வருகிறவனுக்கு முன்னால் மூச்சு தடுமாறக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இதில் மந்திரமும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்றுக் குறையும். உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து இப்போதே சோதிக்கலாம். வெளிமூச்சை நீட்டினால், உடம்புக்கு 'ஆபத்து இல்லை' என்று சொன்னதுபோல. முறுக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

மூன்றாவது மாதம் ஒரு நாள் டீச்சர் தூக்கிவிட்ட கை, தொப்பென்று ஜமக்காளத்தில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். கீழே யாரோ கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரென்று பார்க்க உடம்பு எழவில்லை. ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை.

2023-ல் மாஸ்டருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு 71. திருச்சிக்குப் போய்ப் பார்த்தேன். எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து அறைந்தவர், வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். சுவரில் பழைய போட்டோக்கள். எதிலும் அவர் கால் தரையில் இல்லை.

"கிரேடிங்குக்கு இனிமே நீதாண்டா வரணும். நான் உட்கார்ந்துட்டு மார்க் போட்டா நல்லாருக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ ஒரு டீச்சரம்மாகிட்டப் போறியாமே, என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் அவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இருபத்தேழு வருடங்களில் முதல்முறையாக நான் சொல்ல, அவர் செய்தார். நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே. தொண்டையில் அந்தக் கடல் சத்தம் வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இது சான்சின்டா!"

"ஆமா மாஸ்டர். இறுக்காம பண்ணுங்க."

மறுபடி கண்ணை மூடினார். பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குப் பிறகு, காதுக்குப் பக்கத்திலேயே இருந்த அவர் தோள் இரண்டும் அரை அங்குலம் கீழே இறங்கின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கின. மாமி அடுக்களையிலிருந்து காபியோடு வந்தவர் அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டார்.

"இறுக்கறதுக்குத்தாண்டா எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. விடறதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலை" என்றார் மாஸ்டர்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. காபியைக் குடித்தேன்.

யோகா அவருக்குப் பழைய முழங்காலைத் திருப்பித் தந்துவிடவில்லை. தராது. எல்லா வியாதிக்கும் இதுதான் மருந்து என்று யாராவது சொன்னால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமோ கழுத்துப் பிரச்னையோ இருப்பவர்கள் சிரசாசனம் பக்கம் தலைவைப்பதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். ஆனால், ஒரு மாதம் கழித்து மாமி போனில் சொன்னார்: "ராத்திரி தூங்கறாரு தம்பி." என்னைப் பொறுத்தவரை அந்த வரவு போதும்.

என் கதைக்கு வருகிறேன். ஆறு மாசம் என்றார் டாக்டர், ஒன்பது மாதம் கழித்துத்தான் மறுபடி உதைத்தேன். உயரம் கூடிவிடவில்லை. ஆனால், தூக்கிய இடத்தில் கால் நிற்கிறது. குத்து வேகமாகப் போவதுபோல் இருக்கிறது. இதற்கும் காரணம் உண்டு. கையை நீட்டுகிற தசை வேலை செய்யும்போது, மடக்குகிற தசை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறுக்கினால், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரைத் திருகுவதுபோலத்தான். 'கோ'வுக்குள்ளேயே 'ஜு' இருக்கிறது. மியாகி பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் கடைசி ஐந்து நிமிடம் சவாசனம். முதல் நாள், டீச்சர் மாதிரியே ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தூக்கிவிட்டுப் பார்த்தேன். ஏழு வயதும் எட்டு வயதுமாக இருபது பேர். இருபது கையும் தொப் தொப்பென்று விழுந்தன. இரண்டு பேர் தூங்கியே போய்விட்டார்கள்.

யாரும் சொல்லித்தராமலேயே அவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. இறுக்குவதற்குத்தான் என்னிடம் ஃபீஸ் கட்டுகிறார்கள். முஷ்டி பிடிக்க, தடுக்க, உதைக்க எல்லாம் கற்றுத்தருகிறேன், நன்றாகவே கற்றுத்தருகிறேன். ஆனால், ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், கை இன்னும் விழுகிறதா என்று ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.