எண்ணெய் குடிக்கும் மரம்

ஜெலுத்தோங் என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்தை வைத்துத்தான் எங்கள் பகுதிக்குப் பெயர் வந்தது என்பார்கள். ஜாலான் ஜெலுத்தோங்கில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கீறினால் ரப்பரைப் போலவே வெள்ளைப் பால் வடியும். ஒரு காலத்தில் அந்தப் பாலைச் சேகரித்து, சுவிங்கம் செய்ய வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய ஊருக்கும் ஒரு பால்மரத்தின் பெயரே இருக்கிறது.

ஜெலுத்தோங் மென்மையான மரம். வெளிர் நிறம், நேரான ரேகை, எடை குறைவு. பென்சில், வரைபலகை, சிற்பவேலை, வார்ப்படத் தொழிலுக்கான அச்சு எல்லாம் இதில் செய்வார்கள். துப்பாக்கிக் கட்டை செய்யமாட்டார்கள். "ரெண்டு வெடியில பொளந்துக்கும்லா" என்றார் பெரியப்பா. துப்பாக்கிக்கு வால்நட்தான், அதாவது அக்ரூட் மரம். எடைக்கு மீறிய பலம் உண்டு, அதிர்ச்சியைத் தாங்கும், காய்ந்த பிறகு அவ்வளவாக வளையாது.

பெரியப்பாவிடம் இருந்தது ரைபிள் இல்லை, ஷாட்கன். ஒற்றைக் குழல், 12 போர். ஆனால் கட்டை வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கெடாவில் தோட்டத்து எல்லையை ஒட்டி அவருக்கு அஞ்சு ஏக்கர் செம்பனை இருந்தது. இளங்கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும். அதற்காக வாங்கிய லைசன்ஸ். நிலத்தை விற்று, பெரியம்மாவோடு ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு பன்றியும் இல்லை, செம்பனையும் இல்லை. எழுபத்தெட்டு வயதில் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டாம், துப்பாக்கியை ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அதற்கு மூன்று வாரம் இருந்தபோதுதான், கட்டையைக் கழற்றிப் புதுசாக எண்ணெய் ஏற்ற வேண்டும் என்று கிளம்பினார்.

"குடுக்கப்போற சாமானுக்கு என்னாத்துக்குப் பெரியப்பா இவ்வளவு வேலை?"

அவர் பதில் சொல்லவில்லை. குழலும் இரும்புப் பாகங்களும் பூட்டிய அலமாரிக்குள்ளேயே இருந்தன. லைசன்ஸ் அவர் பெயரில். நான் தொட்டதெல்லாம் தமிழ்ப் பேப்பர் விரித்த மேசைமேல் கிடந்த மரத்தை மட்டும்தான்.

முதலில் பழைய வார்னிஷ். அது மரத்தின்மேல் ஒரு தோலாக நிற்கும். விரிசல் விட்டால் அந்த வழியாக ஈரம் உள்ளே போய், செதில் செதிலாக உரியும். சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும் என்பதால், பெயிண்ட் உரிக்கும் மருந்தைப் பூசி ஊறவைத்துத் துடைத்தோம். பிடியில் செதுக்கியிருந்த குறுக்குக் கோடுகளுக்குப் பழைய பல்துலக்கி. அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் படவே கூடாது, கோடுகள் மழுங்கிவிடும். மற்ற இடங்களில் 220, 320, 400 என்று ஏறுவரிசையில், ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். மரம் இரும்போடு சேரும் விளிம்பிலும் கை வைக்கக்கூடாது. கொஞ்சம் குறைந்தாலும் பிறகு மூட்டில் இடைவெளி தெரியும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடிபட்டு அமுங்கிய பள்ளத்தின்மேல் ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால், நீராவி மரத்துக்குள் இறங்கும். நசுங்கிய நார்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, பழைய இடத்துக்கு எழும்பிவிடும். லாரியில் இடித்தது, மோட்டார் சைக்கிள் கேரியரில் உராய்ந்தது எல்லாம் நாலைந்து முறை ஆவி காட்டியதில் காணாமல் போயின. ஆனால் இது அமுங்கிய காயத்துக்குத்தான். நார் அறுந்துவிட்டால் ஆவி பிடித்து ஒன்றும் ஆகாது. அறுந்தது அறுந்ததுதான்.

கட்டையின் அடிப்புறத்தில் அப்படி ஒரு வெட்டு இருந்தது. ஒரு விரல் நீளம். பெரியப்பா அதன்மேலும் துணியை வைத்தார். மூன்று முறை வைத்தார். வெட்டின் கரைகள் கொஞ்சம் உப்பின, அவ்வளவுதான்.

அந்த வெட்டின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு, அதாவது அவர் மகனுக்கு, அப்போது பதினான்கு வயது. யாரும் இல்லாத நேரத்தில் துப்பாக்கியை எடுத்துக் கூட்டாளிக்குக் காட்டியிருக்கிறான். தோட்டா இல்லை. கை தவறிக் கொல்லைப்புறத் தகரத்தின்மேல் விழுந்து, விளிம்பு கட்டையைக் கிழித்துவிட்டது. பெரியப்பா அன்றைக்கு அடித்த அடியில் அண்ணன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பள்ளி முடித்ததும் ஜொகூருக்குப் போனவன், தீபாவளிக்கு வருவான், அம்மாவிடம் பேசுவான். அப்பாவிடம் "சாப்டிங்களா" என்பதற்கு மேல் பேச்சு இருக்காது.

ஒரு கட்டைக்காகவா அப்படி அடித்தார் என்று நானும் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில்தான் கணபதியைத் தூக்கில் போட்டார்கள். எஸ். ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், தமிழர். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமானது. ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று சொல்லி, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தி லயத்து வீடுகளில் எப்படி இறங்கியிருக்கும்? கொள்கை, சங்கம் எல்லாம் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகளின் காதில் மிஞ்சியது ஒன்றுதான்: தமிழன் கையில் துப்பாக்கி இருந்தால் கயிறு.

பிறகு 1971-ல் இன்னொரு சட்டம். கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களின்போது ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் கட்டாய மரண தண்டனை. அந்தக் 'கட்டாயம்' 2023 ஜூலையில்தான் நீக்கப்பட்டது. பெரியப்பா சட்டப் புத்தகம் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும்வரைதான் அந்த இரும்பு பயிர்க்காவல், காகிதம் இல்லாதவன் கையில் அதுவே தூக்கு என்பதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

"அவன அடிக்கல நான். பயந்துட்டேன். பயந்தவன் அடிச்சா கணக்குத் தெரியாது."

இதை மன்னிப்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடி வாங்கியவன் நான் இல்லை. 1949-ன் பயம் பதினான்கு வயதுப் பையனின் முதுகில் இறங்கியதற்கு அந்தப் பையன் என்ன செய்வான்? ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த பிறகு, வெட்டைப் பழைய மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசியில் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய், கிரிக்கெட் மட்டைக்குப் போடுகிறோமே, அதுதான். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் என்ன என்று பெரியம்மா கேட்டார். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுத்துக் கிடக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்படும். பச்சை எண்ணெய்க்கு நாள்கணக்கு ஆகும். கடையில் 'காய்ச்சியது' என்று விற்பதில் உலர்த்தும் உப்புகள் சேர்த்திருப்பதால் ஒரு நாளில் காயும், பினாங்கு மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகும். சில சொட்டுதான், உள்ளங்கையால் சூடு வரும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். நாங்கள் வாளித் தண்ணீரில் முக்கினோம்.

துப்பாக்கி வேலைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு வாரம் தினமும் ஒரு தடவை, ஒரு மாதம் வாரம் ஒரு தடவை, ஒரு வருடம் மாதம் ஒரு தடவை, அப்புறம் ஆயுசுக்கும் வருடம் ஒரு தடவை. எங்களிடம் இருந்தது மூன்று வாரம். எண்ணெய் எதையும் மறைப்பதில்லை. வார்னிஷ் மாதிரி மேலே நிற்காமல் உள்ளே இறங்குவதால் ரேகை, கன்னம் பட்டுக் கறுத்த இடம், வெட்டு எல்லாமே முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. அறுந்த நார் அதிகம் குடிக்கும் என்பதால் வெட்டு இன்னும் கருத்தது.

ஏழாம் நாள் கட்டையைத் துடைத்துக்கொண்டே என் கேள்விக்குப் பதில் சொன்னார். "இரவல் வாங்கின சட்டிய அப்படியேவாடா திருப்பிக் குடுப்ப? கழுவித்தானே குடுக்கணும்."

குறித்த நாளில் மாட்டித் தந்துவிட்டு வந்தோம். காகிதத்தில் எழுதியதெல்லாம் இரும்பைப் பற்றித்தான்: தயாரிப்பு, போர், எண். மரத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தான். அலமாரி திறந்து கிடந்தது, உள்ளே பெரியம்மாவின் சேலைகள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டான்.

"பாலிஷ் போட்டீங்களாமே. அந்த வெட்டு போயிருச்சா?"

"போகல. எண்ணெ மட்டும் போட்டேன்."

அண்ணன் தலையை ஆட்டினான். பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என்ன எண்ணெய் என்று கேட்டான்.