பாட்டியின் தூக்கமும் ஒரு இன்ச் பைப்பும்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சென்னையைக் காலி செய்துகொண்டு போகும்போது, "விக்க மனசு வரல, நீயே வச்சுக்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறே என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கொளத்தூர் போய், கடை வாசலெல்லாம் பாலிதீன் பைகளில் நீந்திக்கொண்டிருந்த மீன்களில் ஆறு கோல்டு ஃபிஷ்ஷும், ரிப்பன் மாதிரி நீளமாக வளருமே, அந்த வாலிஸ்னேரியா செடி ஒரு கட்டும் வாங்கிவந்தார். அம்மாவுக்கு இதில் துளியும் சந்தோஷம் இல்லை. அது தனிக்கதை.

மீன்களால் ஒரு தொந்தரவும் இல்லை. சத்தம்தான் பிரச்சினை.

இந்தத் தொட்டி கொஞ்சம் பெரிய மனுஷன் தொட்டி. ஃபில்டர் உள்ளே இருக்காது. தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடி வைத்துத் தடுத்து ஒரு குறுகலான பெட்டி. அதன் மேல்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கும். தண்ணீர் அதன் வழியாகப் பெட்டிக்குள் வழிந்து, உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஒரு இன்ச் பி.வி.சி. பைப்பில் இறங்கி, ஸ்டாண்டுக்குள் இருக்கும் இன்னொரு சின்னத் தொட்டிக்குப் போகும். அதற்குப் பெயர் சம்ப். (சம்ப் என்றதும் வாசலில் மெட்ரோ வாட்டர் பிடித்துவைக்கும் சம்ப் ஞாபகம் வந்தால் நீங்கள் சென்னைவாசி. இது வேறு.) ஃபில்டர் பஞ்சு, மோட்டார் எல்லாம் சம்ப்பில். மோட்டார் தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளும். பெட்டியின் அடியில் இரண்டு ஓட்டைகள்: ஒன்று இறங்குவதற்கு, ஒன்று ஏறுவதற்கு.

இறங்குகிற பைப்தான் வில்லன். பகலில் டிவி, மிக்ஸி, தெருவில் ஆட்டோ என்று எதுவும் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆரம்பிக்கும் பாருங்கள்... ஸ்ஸ்ஸ்ஸ்... க்ளக் க்ளக்... கொடகொடகொட! அப்புறம் கொஞ்சம் அமைதி. மறுபடியும் ஸ்ஸ்ஸ்ஸ்.

ஹாலில் படுப்பது பாட்டி. இரண்டு வருஷம் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து, ராத்திரி எழுந்தால் யாருக்காவது காது கேட்கிற இடத்தில்தான் படுக்க வேண்டும் என்று கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. பாட்டி எதற்கும் புகார் சொல்கிற ஆள் இல்லை. பத்து நாள் கழித்துத்தான், அதுவும் நான் கேட்டதால், சொன்னாள்: "யாரோ பக்கத்துல உக்காந்து விடிய விடிய சொம்புத் தண்ணி குடிக்கிற மாதிரி இருக்குடா. அவன் எப்ப குடிச்சு முடிப்பான்னு நானும் முழிச்சுக்கிட்டே இருக்கேன்."

அம்மா அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள். மாசக் கடைசிக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி வெளியே. "ராத்திரி மோட்டாரை அணைச்சா என்ன?" என்றார் அப்பா. அது முடியாது. ஃபில்டரில் மீனின் கழிவைத் தின்கிற பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் நிறுத்தினால் அவை பாதிக்கப்படலாம், பின்னாலேயே மீனும். அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பையன் நான்தானே. புளூயிட் மெக்கானிக்ஸில் எனக்கு அரியர் இருக்கிற விஷயம் அவருக்கு அப்போது தெரியாது :-)

ஒரு ராத்திரி பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஏறக்குறைய பதினோரு செகண்டுக்கு ஒரு கொடகொட. டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்ததும் விளங்கிவிட்டது. பைப்பின் வாய் மேலே திறந்தபடி இருக்கிறது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும்போது நடுவில் காற்றையும் இழுக்கிறது. பைப்பின் சுவரோரமாகத் தண்ணீர், நடுவில் காற்று. அந்த வரைக்கும் சரி. ஆனால் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக ஏறினால் பைப் முழுக்க அடைத்துக்கொண்டு சைபன் பிடித்துவிடும். சைபன் பிடித்தால் மோட்டார் தள்ளுவதைவிட வேகமாகப் பெட்டி காலியாகும். மட்டம் இறங்கிக் காற்று உள்ளே புகும், சைபன் உடையும், கொடகொட. பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் சங்கிலியை இழுத்தால் ஒரே மூச்சில் கொட்டிக் கடைசியில் கொர்ர்ர் என்று முடியுமே ஃபிளஷ் தொட்டி, அதே சங்கதிதான். எங்கள் ஹாலில் பதினோரு செகண்டுக்கு ஒருமுறை யாரோ ஃபிளஷ் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இது உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்களின் தலைவலி என்று தேடியபோது தெரிந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டர்சோ என்கிற கடல்மீன் தொட்டிக்காரர் சொன்ன வழி ரொம்பப் பிரபலம். நிமிர்ந்த பைப்பின் தலையில் ஒரு டீ. டீயின் பக்கவாட்டு வாயில் கீழ்நோக்கிய எல்போ. டீயின் மேல்வாயில் மூடி, மூடியில் ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் இப்போது மேற்பரப்புக்குக் கீழே இருந்து எல்போ வழியாக ஏறி உள்ளே போகும், அதனால் சுழல் விழாது. வேண்டிய காற்று மட்டும் மூடி ஓட்டை வழியாக வரும். பெட்டிக்குள் தண்ணீர் மட்டம் உயர்ந்து நிற்பதால் சீப்புப் பல்லிலிருந்து விழும் அருவிச் சத்தமும் குறையும். எவ்வளவு எளிமை!

ஹார்டுவேர் கடைக்குப் போய், "அண்ணே, ஒரு இன்ச் டீ ஒண்ணு, எல்போ ஒண்ணு, எண்ட் கேப் ஒண்ணு" என்றேன். "டீ பக்கத்துக் கடையிலதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நூறு தடவை சொல்லியிருப்பார் போல. மொத்தச் செலவு ஒரு மசால் தோசைக்கும் குறைவு.

முதலில் மூடியில் போட்ட ஓட்டை ரொம்பச் சின்னது. காற்று போதாமல் சைபன் பிடித்துவிட்டது, ஃபிளஷ் தொடர்ந்தது. ட்ரில்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க, ஒரு கட்டத்தில் கொடகொட சட்டென்று நின்றது. கீழே சம்ப்பிலும் ஒரு தப்பு இருந்தது. பைப்பின் நுனி தண்ணீருக்குள் நாலு இன்ச் மூழ்கியிருந்தது. கூடவே இறங்குகிற காற்று வெளியேற முடியாமல் முட்டி முட்டி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துச் சுருக்கி, நுனி ஒரு இன்ச் மட்டும் மூழ்குகிற மாதிரி வைத்தேன். ஏப்பமும் அடங்கியது.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மிச்சம் இருந்தது லேசான ஸ்ஸ்ஸ் மட்டும்தான். பாட்டி "பரவாயில்லடா, நல்லா தூங்கினேன்" என்றாள். ஆனால் எனக்குள் இருந்த இன்ஜினியர் முழித்துக்கொண்டுவிட்டான். காற்றே உள்ளே போகாவிட்டால் சத்தமே இருக்காதே! மூடி ஓட்டையை டேப் போட்டு அடைத்தேன். பைப் முழுக்கத் தண்ணீர், முழு சைபன். அது வேகமாக இழுக்காமல் இருக்க, கீழே ஒரு பால் வால்வு போட்டுப் பாதி மூடி, மோட்டார் தள்ளுகிற அளவுக்கே இறங்குகிற மாதிரி திருகி வைத்தேன். கால் திருப்பில் திறந்து மூடுகிற வால்வு அது, மயிரிழை நகர்த்தினாலே மட்டம் மாறும். அரை மணி நேரம் போராடிச் சரிசெய்தேன். சுத்தமான நிசப்தம். நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாவது ராத்திரி, விடியற்காலை நாலு மணி. "டேய்... டேய்..." என்று பாட்டி கூப்பிடுகிற குரல். ஹால் லைட்டைப் போட்டால், மொசைக் தரை முழுக்கத் தண்ணீர் பளபளக்கிறது. மோட்டார் தண்ணீர் இல்லாமல் கிர்ர்ர் என்று கத்துகிறது. பாட்டி கட்டில் விளிம்பில் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தபடி, ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலை மேலேயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாத்ரூம் போக எழுந்தவள், பாதத்தில் ஈரம் பட்டதும் அப்படியே நின்றுவிட்டிருக்கிறாள். இன்னொரு காலையும் ஊன்றி நடந்திருந்தால்?

காரணம், கோல்டு ஃபிஷ் பிய்த்துப்போட்ட ஒரு வாலிஸ்னேரியா இலைத் துண்டு. சீப்பு வழியாக நுழைந்து, பாதி மூடிய வால்வில் போய் மாட்டிக்கொண்டது. இறங்குகிற வழி ஒன்றே ஒன்று, அதையும் நானே குறுக்கி வைத்திருந்தேன். மோட்டார் பாட்டுக்கு சம்ப்பை இறைத்து மேலே ஊற்றியிருக்கிறது. எங்கள் தொட்டியில் ஒரு இன்ச் உயரத்துக்கு 14 லிட்டர் பிடிக்கும். தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி அந்த ஒரு இன்ச்தான். சம்ப்பில் இருந்ததோ கிட்டத்தட்ட 28 லிட்டர். மிச்சமெல்லாம் தரைக்கு. அந்தப் பெரிய ஓட்டையும் அசிங்கமான கொடகொடவும் இருந்தவரை பைப்பில் பாதி இடம் சும்மா கிடந்தது. இலை என்ன, சின்ன நத்தை விழுந்தாலும் அடித்துக்கொண்டு போயிருக்கும். பாட்டி தூங்கட்டும் என்று ஆரம்பித்தவன், பாட்டியின் இடுப்பெலும்பை வைத்துச் சூதாடியிருக்கிறேன்.

அம்மா அன்றைக்குத் திட்டவே இல்லை. பேசாமல் துணி எடுத்துத் துடைத்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அப்பா தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னார். நான் ஒரு வாரம் கேட்டேன். அந்த ஒரு வாரமும் டர்சோவின் பழைய ஓட்டை, பழைய ஸ்ஸ்ஸ். இந்தத் தடவை ஒழுங்காகப் படித்தேன். வால்வு வைத்து முழு சைபன் ஓட்டுவது தப்பில்லை, ஹெர்பி முறை என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இரண்டாவது பைப் ஒன்று இருந்தே ஆக வேண்டும். முதல் பைப்பைவிட உயரமாக, மேலே திறந்தபடி, வால்வு இல்லாமல். முதலாவது அடைத்தால் தண்ணீர் இரண்டாவதில் இறங்கும். இரண்டாவது ஓட்டைக்கு எங்கே போவது? பெட்டிக்குள்தான் இருக்கிறதே, தண்ணீர் ஏறுகிற பைப்பின் ஓட்டை! ஏறுகிற பைப்பைத் தொட்டியின் பின்விளிம்பு மேலாக வளைத்து உள்ளே விட்டுவிட்டு, அந்த ஓட்டையை ஆபத்துக்கால வழியாக்கினேன். அப்படி வளைக்கும்போது தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தப் பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் அதே பைப் சைபனாக மாறித் தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கி, சம்ப் வழிந்துவிடும். பால் வால்வைக் கழற்றிவிட்டு, பல சுற்றுகள் திருகி நிதானமாகச் சரிசெய்யக்கூடிய கேட் வால்வு போட்டேன். பிரதான பைப்பில் முக்கால்வாசிக்கும் மேல் இறங்க, மெல்லிய ஒரு கசிவு மட்டும் இரண்டாவதில் ஓசையில்லாமல் சுவரோரம் வழிகிற மாதிரி.

அப்புறம் சோதனை. பிரதான பைப்பை உள்ளங்கையால் மூடினேன். மட்டம் ஏறியது, இரண்டாவது பைப் எடுத்துக்கொண்டது, கொடகொடவென்று ஊரையே கூட்டுகிற சத்தத்தோடு. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மெயின் சுவிட்சைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் சம்ப் மட்டம் நான் ஒட்டிய சிவப்பு டேப்புக்குக் கீழேயே நின்றது. கரண்ட் வந்ததும் இரண்டு நிமிஷம் காற்று வெளியேறுகிற வரை சலசலக்கும், பிறகு அடங்கிவிடும். கட்டிலையும் தொட்டியிலிருந்து எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டோம்.

பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: "இனிமே அந்த சொம்புத் தண்ணி சத்தம் கேட்டா காலைக் கீழ வைக்காத, என்னைக் கூப்பிடு."

முதல் ராத்திரி எப்படி இருந்தது என்று காலையில் கேட்டேன்.

"அது சத்தமே போடலடா. மீனெல்லாம் இருக்கான்னு ரெண்டு தடவ லைட்டப் போட்டுப் பாத்தேன். அப்புறம் படுத்தா, உங்கப்பன் குறட்டை கேக்குது. அதுக்கு ஏதாவது வால்வு இருக்கா?"

பி.கு.: அரியர் எக்ஸாமில் சைபன் பற்றிக் கேள்வியே வரவில்லை. ரிசல்ட் பற்றி வகுப்பு நண்பர்கள் யாரும் கேட்க வேண்டாம்.