கழுத்துப்பட்டை காட்டிய வீடு

குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி எழுதியிருந்தார்: "என் கொல்லைக்கு எங்கிருந்தோ ஒரு நாய் வந்து பதினைந்து நாளாகக் கிடக்கிறது. விரட்டினாலும் போகவில்லை. கழுத்தில் பட்டை இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா, துரத்திவிடலாமா?"

நான் வேளாண்மை படித்தவன். நாய் விஷயத்தைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஆனால் இதே கேள்வி ஒருமுறை என் முன்னாலும் வந்து நின்றது. அதைச் சொன்னால் அவருக்குப் பதிலும் கிடைக்கும், மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

2021 நவம்பர். பாலாற்றில் வெள்ளம் வந்த மாதம். வருஷக்கணக்கில் மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. தரைப்பாலங்கள் மூழ்கின. பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததும் அந்த மாதம்தான். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு நிவாரணம் உண்டு என்பதால், கிராம நிர்வாக அலுவலரோடு நாங்கள் வயல் வயலாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம்.

மாதனூர் பக்கம் ஆற்றோரத் தென்னந்தோப்பு ஒன்றில் மோட்டார் கொட்டகைத் திண்ணையில் அந்த நாய் படுத்திருந்தது. செவலை நிறம், நடுத்தர உயரம், ஒரு காது மடிந்திருந்தது. எங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை. எழுந்து நின்று எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி ஆற்றுப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்தது சார். எட்டு நாளா இங்கியேதான் கீது" என்றார் தோப்புக்காரர்.

பக்கத்துக் கொல்லைக்காரர் வேறு கதை சொன்னார். மூன்று நாள் முன்னால் ராத்திரி அவருடைய ஆட்டுக்குட்டி ஒன்றை நாய் கடித்துப் போட்டிருக்கிறது. "இதுதான் சார் கடிச்சிருக்கும். வெறி புடிச்சதோ இன்னாவோ. வீட்ல சின்னப் புள்ளைங்க கீது. இன்னிக்கி ராத்திரி சோத்துல குருணை மருந்த கலந்து வெச்சிடப் போறேன்."

அவர் கோபத்தில் தப்பில்லை. ஒரு குட்டி போனால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாத வருமானம் போகிறது என்று நமக்குத் தெரியும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆடு வளர்ப்போர் நாய்த் தொல்லைக்காகத் தெருவில் இறங்கிப் போராடியதையும் பார்த்தோம். ஆனால் குருணை மருந்து என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பயிருக்கு எந்த மருந்து, எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுப்பது என் கைதான். அந்தச் சோற்றை நாய் மட்டுமா தின்னும்? காக்கை, கோழி, மயில், அடுத்த வீட்டு நாய் எல்லாம் தின்னும். 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

"பத்து நாள் எனக்குக் கொடுங்க. யாருடைய நாய்னு கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் இதைக் கட்டிவைப்போம்" என்றேன். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

பத்து நாள் என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கில்லை. அன்று மாலையே கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். வெறிநோய்க் கிருமி எச்சிலில் வெளிப்படும் நிலைக்கு வந்த நாய் அதற்குப் பிறகு பத்து நாள் தாங்காது; அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள் என்று விளக்கினார். கருவாடு கலந்த சோற்றை வைத்து, மருத்துவரின் உதவியாளர் பக்குவமாகச் சங்கிலி போட்டார். "நீங்க யாரும் கையை நீட்டாதீங்க. சோறும் தண்ணியும் தள்ளி வெச்சா போதும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சொந்தக்காரரைத் தேடவேண்டும். எங்கிருந்து தொடங்குவது? சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் உண்டு, தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்கிறார்கள். நம் கிராமத்து நாய்க்கு முகவரி ஏது? இருந்தது ஒரு கழுத்துப்பட்டை மட்டும்தான்.

செல்போனில் அதைக் கிட்டத்தில் படம் எடுத்துப் பார்த்தேன். கடைப் பட்டை இல்லை. கறுப்புத் தோல் துண்டு, ஓரம் மடித்து இரண்டு வரித் தையல். கொக்கி பெண்கள் செருப்பில் இருப்பது. எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்காவிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்: "இது அப்பர் தைக்கிற கை சார். ஓரத்தச் செதுக்கி மடிச்சித்தான் ஓட்டியிருக்காங்க. வீட்ல ஊசியில தெச்சது இல்ல. வேஸ்ட் துண்டுல பண்ணியிருக்காங்க."

அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் அதைத் தைக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. இது யாரும் இல்லாத நாய் இல்லை. ஒருத்தி வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து இதற்கென்று ஓரம் மடித்துத் தைத்திருக்கிறாள்.

படத்தை அந்த அக்கா கம்பெனி வேனில் வருகிறவர்களிடம் காட்டினார். நான் பால் சொசைட்டி, ரேஷன் கடை, உரக்கடை, டீக்கடை என்று ஒவ்வொரு இடத்திலும் காட்டினேன். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தன் நாய் என்று இரண்டு பேர் வந்தார்கள். நாய் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து பால் சொசைட்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். "இது எங்க ஊர் நாய் சார். தெனமும் பால் கேனுக்குப் பின்னாடியே வரும். அந்தக் குடும்பம் மாட்டை வித்துட்டு ஆம்பூருக்குப் போயி ஒரு வருஷம் ஆவுது. நாய் மட்டும் கொல்லையிலயே கெடந்தது. வெள்ளத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்திருக்கும். அப்புறம் ஆத்தத் தாண்ட முடியல." குடும்பத்தலைவர் பெயரையும் சொன்னார்.

பெயரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. 2018-இல் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தவர். ஒன்றரை ஏக்கர், நெல்லும் மல்லாட்டையும். பரிசோதனையில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் 4-ஐத் தாண்டியிருந்தது. "நெல், மல்லாட்டைக்கு ஏற்றதல்ல" என்று சீட்டில் எழுதினேன். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், மழைநீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்குங்கள் என்றும் எழுதினேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு இன்னா சார் பண்றது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் சீட்டு இல்லை.

பாலாற்றங்கரைக் கிணறுகளின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் ஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே கரையைப் பற்றி மறுபடி பேசவேண்டியிருந்தது. அதேநேரம் நிலம் கைவிட்ட பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் அதே தோல் தொழில்தான். எந்தத் தொழிலின் உப்பு கிணற்றில் இறங்கியதோ அந்தத் தொழிலுக்கே வேலைக்குப் போகிற வாழ்க்கை இங்கே புதிதில்லை.

அடுத்த ஞாயிறு ஆம்பூருக்குப் போனேன். சந்துக்குள் ஒரே வரிசையில் ஏழெட்டு ஓட்டு வீடுகள், பொதுக் குழாய். அவர் வெளியே வந்தார். படத்தைக் காட்டினேன்.

"இது எங்க நாய் இல்ல சார்."

சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. ஆட்டுக்குட்டிக்கு 8,000 ரூபாய் கேட்கிறார்கள் என்ற செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. என் நாய் என்றால் என் கடன். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். "சரிங்க, வேற எங்கயாவது விசாரிக்கிறேன்" என்று திரும்பினேன்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. அவர் மனைவி வாசலுக்கு வந்து போனை வாங்கிப் பார்த்தார். "பட்டை நான் தெச்சதுதான் சார்" என்றார். "வாடக வீட்டுல நாய் கூடாதுன்னுட்டாங்க. நம்ம கொல்லையில வுட்டா யாராவது ஒரு வாய் சோறு போடுவாங்கன்னு நெனச்சோம். மொதல்ல வாரம் ஒருக்கா போய்ப் பாத்தோம். அப்புறம் ஞாயித்துக்கெழமையும் வேலை வந்துடுச்சி." கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2024-இல் வந்த ஒரு செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டம் யமகர்னி ஊரிலிருந்து பண்டரிபுரம் யாத்திரைக்குக் கூடப்போன 'மகாராஜ்' என்ற நாய் கூட்டத்தில் தொலைந்துபோய், சுமார் 250 கிலோமீட்டர் தாண்டித் தானே வீடு வந்து சேர்ந்தது. ஊரே மாலை போட்டு விருந்து வைத்தது. அந்த நாய்க்குத் திரும்பி வர ஒரு வீடு அதே இடத்தில் இருந்தது. நம் செவலைக்கு அந்த வீடு பூட்டிக் கிடந்தது. தெருநாய் பெருகிவிட்டது என்று நாம் பேசுகிறோம். அவற்றில் சில, வீட்டை விட்டு நாம் போனபோது விட்டுவிட்டு வந்தவை.

நான் அவர்களிடம் பணம் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை தோப்புக்கு வந்து பார்க்கும்படி மட்டும் சொன்னேன். மறுநாளே ஆட்டுக்காரரிடமிருந்து போன். ராத்திரி இன்னும் இரண்டு குட்டிகளை நாய்கள் கடித்துவிட்டன. டார்ச் அடித்துப் பார்த்ததில் நான்கைந்து நாய்கள் கூட்டமாக ஓடினவாம். செவலை அப்போது சங்கிலியில் இருந்தது. "பாவம் சார், இது இல்ல" என்றார். குருணை மருந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் குட்டியையும் இது கடித்திருக்காது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் ஆள் தெரியாத நாயின் மேல் எல்லாப் பழியும் எளிதாக விழும் என்பதைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் கணவன் மனைவி இருவரும் வந்தார்கள். தோப்பு வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே சங்கிலி அறுந்துவிடும் போல நாய் இழுத்தது. "இல்ல" என்று சொன்ன மனுஷர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டிப்போக அவர்களால் முடியவில்லை. வாடகை வீட்டு நிலைமை மாறவில்லையே. தோப்புக்காரர்தான், "என் காவலுக்கு இருக்கட்டும், சோறு நான் போடறேன்" என்றார். வெறிநாய்த் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் கூட்டிப்போகும் பொறுப்பை இவர்கள் ஏற்றார்கள். வருஷா வருஷம் ஊசி போட வந்து போனார்கள். அடுத்த தடவை வந்தபோது அந்த அம்மா புதுப் பட்டை கொண்டு வந்தார். அதில் வெள்ளை நூலில் பத்து எண்கள். அவர்களுடைய போன் நம்பர். மையில் எழுதினால் மழையில் போய்விடும் என்று மிஷினிலேயே தைத்திருந்தார்.

குடியாத்தம் வாசகருக்கு இனி என் பதில். துரத்தாதீர்கள், உடனே உங்களுடையதாகவும் ஆக்கிக்கொள்ளாதீர்கள். முதலில் தொடாமல் தள்ளி நின்று சோறும் தண்ணீரும் வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் கேட்கலாம். வாயில் எச்சில் வழிவது, குரல் மாறுவது, காரணமில்லாமல் பாய்வது, நடை தள்ளாடுவது தெரிந்தால் கிட்டே போகவே வேண்டாம். நாயையும் பட்டையையும் படம் எடுத்து, பால் சொசைட்டியில் தொடங்கி இரண்டு வாரம் விசாரியுங்கள். கிடைக்கிற சொந்தக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நஷ்டத்தைப் பற்றி முதலில் பேசினால் "என் நாய் இல்லை" என்ற பதில்தான் வரும். யாரும் வரவில்லை, உங்களுக்கும் மனமிருக்கிறது என்றால் ஊசி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். ஒன்றைக்கூட விடக்கூடாது. வெறிநோய் வந்த பிறகு பிழைக்க வைக்க மருந்தில்லை. மாட்டையோ ஆட்டையோ கடித்தாலும் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அதற்கும் தொடர் ஊசி உண்டு.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் அதன் கழுத்தை இன்றைக்கு ஒரு தடவை பாருங்கள். பத்து எண்கள் அங்கே இருக்கட்டும்.