நோட்டீஸில் இருக்கும் பெண்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல் படிக்காமலே லைக் போடுவீர்கள், எனக்குத் தெரியாதா!

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்மண்டபத்தில் பேப்பர் போடுகிற தம்பிக்குத் தோள்வலி. பேப்பரைவிட உள்ளே மடித்து வைத்திருக்கும் கல்லூரி நோட்டீஸ்கள்தான் கனம். போன வாரம் வந்த ஐந்தில் ஒன்றை எடுத்து வைத்தேன். வழவழப்பான தாள். சக்கர நாற்காலியில் ஒரு பெண், பின்னால் மரம், முகம் நிறையச் சிரிப்பு. கீழே ‘தன்னம்பிக்கையின் மறுபெயர்’ என்று கொட்டை எழுத்து. சுற்றிலும் பாடப்பிரிவுகள், பஸ் ரூட், ஏசி ஆடிட்டோரியம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தேன். லிஃப்ட் உண்டா, சாய்தளம் உண்டா, அந்தப் பெண் போகக்கூடிய கழிப்பறை உண்டா என்று ஒரு வரி இல்லை. அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டேன். “கேட்டுச் சொல்றோம் மேடம்” என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

எனக்கு ஏன் இந்த வேலை என்றால், நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அனுபவம் தெரியும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றாள். கல்லூரிப் பெயரும் வேண்டாம்.

பிறவியிலேயே கால்களில் பலம் குறைவு. இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்து நடப்பாள். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பி.காம். சேர்ந்தாள். வகுப்பு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டதற்கு, டைம்டேபிள் போட்டாகிவிட்டது என்று பதில். கீழே அவளுக்கேற்ற கழிப்பறை ஒன்று இருந்தது. அது பூட்டியே இருக்கும். சாவி ஆபீஸில். ஒவ்வொரு தடவையும் போய்ச் சாவி கேட்கக் கூச்சப்பட்டு, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். மே மாத வெயிலில் பரீட்சை எழுதியதும் அப்படித்தான்.

இரண்டாம் வருஷம் போட்டோகிராபர் வந்தார். ஊன்றுகோலோடு நின்றவளைப் பார்த்து, “ஸ்டிக்கோட நின்னா பார்த்தவுடனே தெரியாதும்மா” என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்தார்களாம். அவள் அதுவரை சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. நடக்கிற பெண்ணை உட்கார வைத்து, மரத்தடியில் படம் எடுத்தார்கள். மரத்தடிக்குப் படி ஏற வேண்டாம் அல்லவா.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸை அவள் அப்பா லாரி கேபினில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது பக்கத்து லாரிக்காரர்களிடம் காட்டுவாராம், “என் பொண்ணு” என்று. மகளுக்கு அந்தப் படத்தின் மேல் அவ்வளவு கோபம், அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. இரண்டையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன். 2000-ல் அவர்கள் அச்சிட்ட சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் கால்பந்து மைதானக் கூட்டம். எல்லாம் வெள்ளைக்கார முகங்கள். நடுவே ஒரு கறுப்பின மாணவர், டயலோ ஷபாஸ். அவர் அந்த மைதானத்தில் எந்த ஆட்டத்தையும் பார்க்கப் போனதே இல்லை! வேறொரு படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்து, கையேட்டைத் திரும்ப அச்சிட வேண்டியதாயிற்று. ஷபாஸ் கோர்ட்டுக்குப் போனார். ஆனால் தனக்கென்று பணம் கேட்கவில்லை. சிறுபான்மை மாணவர்களைச் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழகம் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். படத்தில் காட்டியதை நிஜத்தில் செய் என்பதுதான் அந்த வழக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார், 2014-ல் காலமானார். சக்கர நாற்காலியில் இருந்தவர். அவருக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது, ஊர்க்காரர் ஒருவர் அவரைச் சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று பெற்றோரிடம் வந்தாராம். பெற்றோருக்கு ஒரே குழப்பம். பள்ளிக்கூடம் போவதும் டிவி பார்ப்பதும் தவிர மகள் எதையும் சாதிக்கவில்லையே என்று! இதை அவரே மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். நல்ல உடம்போடு இருப்பவர்கள் ‘நம் பாடு பரவாயில்லை’ என்று நினைத்துக்கொள்வதற்காக எங்கள் படத்தை மாட்டாதீர்கள் என்பது அவர் கட்சி.

நோட்டீஸை அந்தக் கண்ணோடு பாருங்கள். அது ஊன்றுகோலோடு நடக்கும் பெண்ணைப் பார்த்துப் பேசுகிறதா? இல்லை. மற்ற பெற்றோரைப் பார்த்து ‘எங்கள் கல்லூரிக்கு எவ்வளவு நல்ல மனசு’ என்கிறது. அவளைப் பார்த்துப் பேசியிருந்தால் முதல் வரியே லிஃப்டாக இருந்திருக்கும்.

சட்டத்தில் மனசுக்கு வேலையே இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 100-க்கு 5 இடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டுக்குச் சான்று வேண்டும், வயது வரம்பில் 5 வருஷம் சலுகை உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் கட்டடத்தை எல்லோரும் போய்வரும்படி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இந்த 5 இடத்தைப் பற்றி எந்த நோட்டீஸிலாவது பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. காது கேளாமை, கற்றல் குறைபாடு, ரத்தம் உறையாமை எல்லாம் அதில் அடக்கம். நோட்டீஸில் மட்டும் ஒரே வகை, சக்கர நாற்காலி. பார்த்தவுடனே தெரிய வேண்டுமே!

நம் பழைய மாணவர் ஒருவர் பார்வையற்றவர், வங்கியில் இருக்கிறார். அவருக்கு ஒரு கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்ததாம். அவர் போன் எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும். இதற்கு ‘இமேஜ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. “என்ன மிஸ் இருக்கு அதுல?” என்று கேட்டு எனக்கு அனுப்பினார். பார்த்தால், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக ஒரு மாணவர் படம். போனிலேயே வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம், வேறென்ன செய்ய.

சென்னையில் படித்த பெனோ ஜெபின் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது, முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஊரே கொண்டாடியது, நாமும்தான். ஆனால் அவர் படித்த விதத்தைப் பாருங்கள். அம்மா பேப்பரையும் புத்தகத்தையும் மணிக்கணக்கில் வாசித்துக் காட்டியிருக்கிறார், கம்ப்யூட்டரில் வாசிக்கும் மென்பொருள் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் வாசிப்பது? கல்லூரி சொல்ல வேண்டிய பதில் அது. பரீட்சைக்கு எழுத ஆள் தருவார்களா, மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் கிடைக்குமா, இதற்கெல்லாம் யாரைப் பார்க்க வேண்டும்? அந்த ஒருவரின் போன் நம்பர் நோட்டீஸில் இருந்தால் பத்துப் படத்துக்குச் சமம்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. படத்தில் வருவது எப்போதும் மாணவர்தான், பேராசிரியர் வருவதில்லை. 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில், மாற்றுத்திறனாளிகள் பிறப்பது முன்ஜென்மப் பாவம் என்று மேடையில் பேசிய ஆளை, பார்வையற்ற ஆசிரியர் சங்கர் எழுந்து நின்று கேட்டாரே, அந்த வீடியோவைப் பார்க்காதவர் உண்டா? அப்படிப்பட்டவர்களும் கற்பிக்கிற இடத்தில் இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் படங்களே வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். மறுத்துவிட்டாள்.

“படத்தை எடுக்கச் சொல்லாதீங்க மிஸ். நான் பத்தாவது படிக்கும்போது இப்படி ஒரு படத்தைப் பார்த்திருந்தா, காலேஜ் நமக்கும் உண்டுன்னு தெரிஞ்சிருக்கும். வீட்ல அவ்வளவு சண்டை போட்டிருக்க வேணாம். என் ஸ்டிக்கோடயே எடுக்கட்டும். கீழ தன்னம்பிக்கை, கின்னம்பிக்கைலாம் வேணாம், பி.காம். இரண்டாம் ஆண்டுன்னு போடட்டும். பக்கத்துல பாத்ரூம் எங்க இருக்குன்னு எழுதட்டும்.”

இப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களில் சிலர் கல்லூரி ஆபீஸில் இருக்கிறீர்கள். இரண்டு பேர் டிசைன் வேலை செய்கிறீர்கள், ஒருவர் அச்சகமே வைத்திருக்கிறார். அடுத்த நோட்டீஸ் உங்கள் கைக்கு வரும்போது, படத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டார்களா, அவர் பார்த்தாரா என்று கேளுங்கள். அவர் வகுப்பு எந்த மாடியில் என்றும் கேளுங்கள். இந்த வருஷம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்றாலும், ஆபீஸில் அந்தக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். நல்ல பதில் கிடைத்த கல்லூரிகளின் பெயரைக் கீழே எழுதுங்கள். குறையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.