கணக்குத் தாளும் கேடயமும்

சிங்கப்பூரில் வாழும் என் மைத்துனர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார். இளவயதில் மன்னாரை விட்டுப் புறப்பட்டவர். ஊரின் மழை, மீன் விலை, யார் வீட்டில் கலியாணம், எவர் தவறினார் என்ற விசாரணைகள் எல்லாம் முடிந்த பின்னர்தான் தன் கதைக்கு வருவார். அண்மையில் ஒருநாள் அவர் சொன்ன கதை, தாம் குடியிருக்கும் பேட்டையை நிருவகிக்கும் நகர மன்றத்துக்கு எல்லாப் பாடங்களிலும் பச்சை நிறம் கிடைத்திருக்கிறது என்பது. வகுப்பில் தன் பிள்ளை முதலாவதாய் வந்த தகப்பனின் பெருமை அவர் குரலில் இருந்தது.

"மச்சான், எங்கட மன்னாரில இப்பிடி ஒரு சோதினை வைச்சால் என்ன நிறம் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பின்னர் சிரிப்பு நின்றுவிட்டது, கேள்வி நிற்கவில்லை.

அது என்ன பச்சை நிறம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர்க் குடிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். வீடு அவரவருக்கு; படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை, குப்பைத்தொட்டி ஆகியவை எல்லோருக்கும் பொது. இந்தப் பொதுவானவற்றைப் பராமரிக்கும் நகர மன்றங்களுக்கான சட்டம் 1988இல் வந்தது. 2010 முதல் அந்நாட்டின் தேசிய வளர்ச்சி அமைச்சு ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் தரம் இட்டு அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. பின்னாளில் அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்களாக மாறியது. தவிர, நல்ல அயலவர்களைக் குடியிருப்பாளர்களே முன்மொழியும் ஒரு விருதும் அங்கே உண்டு.

அந்த அறிக்கையில் என்னைக் கவர்ந்தது நிறம் அன்று, பாடங்கள்தாம். துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கியின் இயக்கம் ஆகிய மூன்றும் எவரும் எதிர்பார்ப்பவை. நான்காவது பாடம், குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தில் எவ்வளவு நிலுவை என்பது. பூந்தோட்டத்துக்கும் அலங்கார வளைவுக்கும் அங்கே தனிப் பாடம் இல்லை. நகர மன்றங்களை நடத்துவோர் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆதலால், இந்தத் தரப்படுத்தலைச் சுற்றி அங்கும் அரசியல் சண்டை உண்டு. ஆனாலும், ஒரு குடியிருப்பு நன்றாக நடக்கிறதா என்று அறிய அதன் கணக்கைப் பார் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தது. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

2001இல் தொழிலின் நிமித்தம் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், 18 வீடுகள் கொண்ட தொடர்மாடியில் குடியேறினேன். அங்கிருந்தவர்களில் அநேகர் போரினால் வடக்கிலிருந்து வந்தவர்கள். எல்லோருடைய மனமும் ஊரில் இருந்தது. நாளைக்கோ மறுநாளோ போய்விடுவோம் என்று நினைப்பவனுக்குப் படிக்கட்டு விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? வீட்டுக்குள்ளே பளிங்குபோல் வைத்திருப்பார்கள். கதவுக்கு வெளியே செருப்பும் தூசியும் குவிந்து கிடக்கும்.

ஒரு சித்திரை மாதம் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோயிற்று. மூன்று நாட்கள் தண்ணீர் இல்லை. திருத்துவதற்குப் பொதுப் பணம் இல்லை. இருந்த பணம் எங்கே போயிற்று என்று ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். மூன்றாம் நாள் இரவு மொட்டைமாடியில் கூட்டம் கூடியது, கூச்சல்தான் மிஞ்சியது. முடிவில், நாலாம் மாடியில் இருந்த இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் எழுந்து, கணக்கைத் தாம் எடுப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: மாதம் முடிந்ததும் முழுக் கணக்கையும் படிக்கட்டின் அடியில் சுவரில் ஒட்டுவார், எவரும் அதைக் கிழிக்கக் கூடாது.

அவ்விதமே ஒட்டினார். யார் கட்டினார், யார் கட்டவில்லை, எத்தனை ரூபாவுக்கு எத்தனை மின்குமிழ் வாங்கியது என்று கோடு போட்ட தாளில் முத்துமுத்தான எழுத்து. முதல் மாதமே இளைஞர் ஒருவர் கொதித்துப்போய் மாஸ்டரின் கதவைத் தட்டினார்.

"என்ர பேரை ஏன் சேர் சுவரில ஒட்டினியள்?"

"தம்பி, உங்கட பேருக்குக் கீழ யாற்ற பேர் இருக்கெண்டு பாத்தனீங்களோ? நானும் இந்த மாதம் இன்னும் கட்டேல்லை. பென்சன் வந்தவுடன கட்டிப்போடுவன்."

இளைஞர் பேசாமல் திரும்பிப் போனார். அந்த வாரமே பணத்தைக் கட்டினார் என்பதைப் பிறகு அந்தத் தாளில்தான் கண்டேன். இரண்டு வருடங்களுக்குள் மோட்டார் புதிது, சுவருக்கு வெள்ளை, படிக்கட்டில் விளக்கு. மாஸ்டர் செய்தது ஒன்றும் புதுமை அன்று. இலங்கையில் தொடர்மாடி உரிமைச் சட்டம் 1973இலேயே இருக்கிறது. தொடர்மாடிகளின் நிருவாகத்தை மேற்பார்வை செய்யும் அரச அதிகார சபை 2003இன் சட்டத்தால் இன்றைய வடிவத்தைப் பெற்றது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. எங்கள் சுவருக்கு வர ஒரு மாஸ்டர் வேண்டியிருந்தது.

இனி மன்னாருக்கு வருகிறேன்.

மன்னார்த் தீவில் தொடர்மாடிகள் நிறைந்த பட்டணம் எதுவும் இல்லை. மணல், பனை, கழுதைகள், கடல், அவற்றிடையே குடியிருப்புகள். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் எழும்பிய வீட்டுத்திட்டங்களைப் பார்த்தவர்கள், இது பட்டணத்துப் பிரச்சினை அல்ல என்று சொல்லமாட்டார்கள். 2010இல் இந்திய அரசு இலங்கைக்கு 50,000 வீடுகளை அறிவித்தது. வடக்குக்கும் கிழக்குக்குமான பெரிய கட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியது. மன்னார் மாவட்டமும் அதில் அடங்கும். வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாக, வீட்டுக்காரரின் கணக்குக்கே வந்தது. ஒப்பந்தகாரர் கட்டிக் கையளித்த வீடுகள் அல்ல அவை. தாயும் மகளும் கல் சுமந்து, மேசனுக்குத் தேநீர் ஊற்றி, சீமெந்துப் பையை எண்ணிக் கட்டிய வீடுகளை நான் செய்தியாளனாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். கட்டும்போது அந்தப் பெண்களிடம் இருந்த கணக்குக் கொப்பி எந்தப் பொறியியலாளரின் கொப்பிக்கும் குறைந்தது அன்று.

வளவின் வேலிக்குள் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. வேலிக்கு வெளியே இருந்த ஒழுங்கைக்கும், மதகுக்கும், மழைநீர் போகும் வழிக்கும் கணக்கு எவரிடமும் இருக்கவில்லை.

அதன் விளைவை மாரிகாலத்தில் காணலாம். நகரை அண்டிய சாந்திபுரம், எமில் நகர், ஜிம்றோன் நகர் போன்ற தாழ்ந்த இடங்களில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீட்டுக்குள் வெள்ளம் வருவது மாதா மாதம் தேதி கிழிப்பதுபோல் வழமையாகிவிட்டது. தீவே தட்டையானது, நீர் வடிவதற்குச் சரிவு குறைவு. இருந்த தோணாக்களும் பள்ளங்களும் வீதியாகவும் மதிலாகவும் மாறிவிட்டன. இவை அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியவை, அதில் ஐயமில்லை. ஆனால் நாமும் ஒன்று செய்தோம். கையில் காசு வந்தவர் நாலு டிப்பர் கிறவல் பறித்துத் தம் வளவை உயர்த்தினார். அந்த வளவில் நின்ற தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போயிற்று. பக்கத்து வளவுக்காரர் அடுத்த வருடம் ஆறு டிப்பர் பறித்தார். கிறவல் வாங்க வழியில்லாத கடைசி வீட்டில் தண்ணீர் தங்கிவிட்டது.

என் சின்னம்மாவின் வீடு அப்படிப்பட்ட ஒரு கடைசி வீடு. ஒரு டிசம்பரில் நான் போனபோது கட்டிலின் கால்களுக்குக் கீழே கல் வைத்து அதன்மேல் இருந்தார். "மழை கடவுள் தாறது, தம்பி. வெள்ளம் மூன்றாம் வீட்டுக்காரன் தந்தது" என்றார். மூன்றாம் வீட்டுக்காரர் எங்களுக்கு உறவினர்தான், நல்ல மனிதர். அவருடைய வீட்டு முற்றத்தில் செவ்வரத்தை பூத்திருந்தது. அழகான வீடுகளுக்குப் போட்டி வைத்தால் அவருக்கே முதற்பரிசு.

இதனால்தான், "சிறந்த குடியிருப்பு" என்று மன்னாரில் ஒரு போட்டி வைப்பதானால், நடுவர்கள் எந்த மாதத்தில் வருவார்கள் என்பதே என் முதற் கேள்வி. சோளகக் காற்று வீசும் காலத்தில் வந்தால் எல்லா ஊருக்கும் பச்சை கிடைக்கும். மார்கழியில் வந்து கடைசி வீட்டில் காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புள்ளி போட வேண்டும்.

போட்டி என்றாலே வேடிக்கை என்று ஒதுக்குபவன் அல்ல நான். அயர்லாந்தில் 1958 முதல் துப்புரவான ஊர்களுக்கான போட்டி நடக்கிறது. நடுவர்கள் முன்னறிவிப்பின்றி வந்து போகிறார்கள். தோற்ற ஊருக்கும் எழுத்தில் அறிக்கை போகிறது: இது நன்று, இது குறை, அடுத்த வருடம் இதைக் கவனியுங்கள் என்று. மகாராஷ்டிரத்தில் துறவி காட்கே பாபாவின் பெயரால் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஊர்த் துப்புரவுப் போட்டி, கிராமங்களைத் தம் கையாலேயே வேலை செய்யத் தூண்டியது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்திய மத்திய அரசு 2003இல் அறிவித்த "நிர்மல் கிராம்" விருதைப் பெற்ற ஊர்களில் பல, பரிசு வாங்கிய பின்னர் பழைய நிலைக்கே திரும்பியதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துபோகும் கேடயம் சுவரில் தொங்கும், அவ்வளவுதான். வருடா வருடம் திரும்பி வந்து பார்க்கும் கண் வேண்டும்.

நமக்கு இது அந்நியமான சங்கதியும் அல்ல. பேசாலைக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலை கரை சேர்ந்து, மீன் விலையாகி, செலவு கழிந்த பின்னர், சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு பிரியும். இழுத்த கை ஒவ்வொன்றும் அந்தக் கணக்கைத் தானும் மனத்துக்குள் போட்டுப் பார்க்கும். அந்தக் கணக்கிலும் வில்லங்கம் இருந்ததுண்டு, சண்டையும் வந்ததுண்டு. ஆனால் கணக்கைக் கேட்பது அவமரியாதை என்று கரையில் எவரும் சொன்னதில்லை. கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்த காசுக்குக் கணக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒழுங்கையின் வடிகாலுக்கு மட்டும் அந்த வழக்கம் வந்து சேரவில்லை. பல வருடச் செய்திப் பணியில் நான் கண்ட கிராமச் சங்கப் பதிவேடுகளில் மிகத் திருத்தமானவை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுடையவை. ஆனால் வடிகால், வீதி என்று பேசும் கூட்டத்தில் அந்தப் பெண்கள் பின் வரிசையில் இருப்பார்கள்.

இன்னொன்றையும் நடுவர்கள் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். இரண்டு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்துவிட்டது. திரும்பியவர்கள் உண்டு, ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்திருப்பவர்களும் உண்டு. போருக்குப் பயந்து தமிழகத்துக்கும் கனடாவுக்கும் போனவர்களின் வளவுகளும் அப்படியே. பூட்டிய வீட்டின் முன்னால் ஓடும் வாய்க்காலை யார் துப்புரவு செய்வது? இல்லாதவனுடைய பங்கை இருப்பவர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு என்பேன்.

ஆகவே, மன்னார் நகர சபையோ பிரதேச சபையோ, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கங்களோ ஒரு போட்டி வைக்க விரும்பினால், என் பாடத்திட்டம் இது: மாரிக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவாயிற்றா? கணக்கு எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டப்பட்டதா? கட்ட முடியாதவரை எப்படி நடத்தினார்கள்? கையெழுத்திடும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா? கடைசி வீடு காய்ந்திருக்கிறதா? பரிசாகக் கேடயம் வேண்டாம். ஒரு மதகு கட்டிக் கொடுத்தால் போதும்.

வெள்ளவத்தை மாஸ்டர் இப்போது இல்லை. அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனபோது படிக்கட்டின் அடியைப் பார்த்தேன். அந்த மாதத்துக் கணக்கு ஒட்டப்பட்டிருந்தது. எழுத்து வேறு ஒருவருடையது. அன்று கதவைத் தட்டிய அந்த இளைஞர்தான் இப்போது பொருளாளர் என்றார்கள். அவருக்கும் தலை நரைத்திருந்தது. தாளில் மாஸ்டரின் வீட்டுக்கு நேரே இரண்டு மாத நிலுவை இருந்தது, அதை மறைக்கவில்லை. பக்கத்திலே "ஆஸ்பத்திரியில் இருந்தார், பிள்ளைகள் வந்ததும் தருவார்கள்" என்று எழுதியிருந்தது.

மைத்துனர் அடுத்த ஞாயிறு அழைக்கும்போது இதைச் சொல்ல வேண்டும். மார்கழியில் ஊருக்குப் போகிறேன். முதலில் மூன்றாம் வீட்டுக்காரரின் கதவைத் தட்டுவதாக எண்ணம்.