பச்சைத் திரையில் சின்னம்மாவின் குரல்

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பின் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உடப்புசல்லாவை வீட்டின் மூலையில் இருக்கும் பழைய மேசைக் கணினியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வார். நான் ஒரு வீடியோவை ஓடவிட வேண்டும். பதினொரு நிமிடம். கோத்தகிரியில் தம் வீட்டு வாசலில் அமர்ந்து சின்னம்மா பேசுகிறார். 2014 இல் நான் அங்கு போயிருந்தபோது சிறிய கமெரா ஒன்றில் எடுத்தது. சின்னம்மா 2021 இல் இறந்துவிட்டார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய குரல் மட்டும் வந்தது. படம் தெரிய வேண்டிய இடத்தில் கரும்பச்சை.

"கொரலு கேக்குது, ஆளக் காணமே" என்றார் அம்மா.

அக்காவும் தங்கையும் பிரிந்தது 1973 இல். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974 இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அம்மா வாழ்க்கைப்பட்ட குடும்பம் இந்தப் பக்கம், சின்னம்மாவின் குடும்பம் அந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கள் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். வழியனுப்பப் போனபோது எனக்கு ஐந்து வயது. ஜன்னல்களில் நிறையக் கைகள் தெரிந்தன. அவற்றில் சின்னம்மாவின் கை எதுவென்று தெரியவில்லை. தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கும் அதே கொழுந்து, அதே குளிர். போகலாம், போகலாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் காலம் ஓடிவிட்டது. அம்மா போகவேயில்லை.

ஆகவே அந்தப் பச்சைத் திரை எனக்குச் சிறிய விடயமாகத் தெரியவில்லை.

முந்திய இரவு கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அது காலையில் எனக்கு நினைவில்லை. கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தெரிந்த ஓர் இளைஞரைத் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம் சார்" என்றார். சரியென்று சொல்ல வாயெடுத்த பிறகுதான் உறைத்தது: அந்த வீடியோவுக்கு வேறு பிரதி கிடையாது. மலையக மக்களின் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாக எழுதி வருபவன் நான்!

எதையும் தொடுவதற்கு முன் கோப்பை இரண்டு பென்டிரைவ்களில் பிரதி எடுத்தேன். அதில் ஒன்றைக் கைத்தொலைபேசிக்கு மாற்றி ஓடவிட்டேன். சின்னம்மா முழுதாக வந்தார். போன மூச்சு திரும்பியது. கோப்பில் குற்றமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பக்கம் கறுப்படித்து வந்தால் முதலில் பிலிமைப் பார்ப்போம், பிறகு பிளேட்டை, பிறகு மையை. அதே ஒழுங்கில் இங்கும் போனேன். வேறு வீடியோக்களைத் திறந்தேன், எல்லாமே பச்சை. அடுத்து வி.எல்.சி. 1996 இல் பாரிசுக்கு அருகே ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த இலவச இயக்கி அது. படங்களைப் பிரித்துக் காட்டத் தேவையான கோடெக்குகளைத் தன்னுடனேயே வைத்திருப்பது. அதிலும் பச்சை. அப்படியானால் பழுது இன்னும் கீழே, கணினிக்குள் இருக்கிறது.

வீடியோவை விரித்துக் காட்டும் சுமையை இப்போதைய மென்பொருள்கள் தாமே சுமப்பதில்லை. வரைகலைச் சில்லிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பது 'டிரைவர்' என்னும் சிறு மென்பொருள். புதுப்பிப்பு அதையும் மாற்றிவிட்டிருந்தது. புதிய மொழிபெயர்ப்பாளருக்கு என் பழைய சில்லின் பாஷை புரியவில்லை. எழுத்தும் ஒளிப்படங்களும் வேறு வழியாக வருவதால் அவற்றில் குறை தெரியவில்லை. பச்சை ஏன் என்றும் தேடிப் படித்தேன். வீடியோவில் ஒவ்வொரு புள்ளியும் ஒளிக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு எண்கள் என்று சேமிக்கப்படுகிறது. சில்லிலிருந்து எதுவும் வராமல் மூன்றும் சுழியமாகவே இருந்தால், அது திரையில் கரும்பச்சையாகத்தான் மாறும். வெறுமைக்குக் கறுப்புத்தான் நிறம் என்று எண்ணியிருந்தேன்.

வி.எல்.சி.யின் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று உள்ளே போய் 'ஹார்ட்வெயார் அக்சலரேட்டட் டிகோடிங்' என்பதை 'டிசேபிள்' ஆக்கினேன். கணினியின் விசிறி இரைந்தது. படம் வந்தது. நோய் இதுதான் என்று உறுதியானதும் 'டிவைஸ் மேனேஜர்' சென்று, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' கீழ் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தினேன். பழைய டிரைவர் கணினியில் எஞ்சியிருந்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும், எனக்கு அதிர்ஷ்டம். மறுபடி இயக்கியபோது எல்லா வீடியோக்களும் ஓடின. அடுத்த புதுப்பிப்பில் அதே டிரைவர் திரும்பி வரக்கூடும் என்பதால், டிரைவர்களைத் தானாக இறக்கும் வசதியை நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ஐபோன் வீடியோ மட்டும் படமின்றிக் குரலாக வந்தால் அது பெரும்பாலும் வேறு நோய். 2017 முதல் அந்தத் தொலைபேசிகள் கையாளும் எச்.இ.வி.சி. என்ற முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால் பல கணினிகளில் அதற்கான கோடெக் இருப்பதில்லை. அதற்கு வி.எல்.சி. ஒன்றே போதும். டிரைவரில் கை வைக்காதீர்கள்.

மறு வெள்ளிக்கிழமை அம்மா வந்து அமர்ந்தார். ஏழாவது நிமிடத்தில் சின்னம்மா கமெராவைப் பார்த்து, "லயத்துக்குப் பின்னாடி இருந்த பேரிக்கா மரம் இன்னும் இருக்காக்கா?" என்று கேட்பார்.

"அத வெட்டி ரொம்ப நாளாச்சுடி" என்றார் அம்மா, திரையைப் பார்த்து.