ஒரு வினாவும் என் விடையும்

எனக்கு 15 பிராயமிருக்கையில், தோழர் இருவருடன் கூடி அயலார் சைக்கிள் ஒன்றைத் திருடினேன். சிறார் நீதிக் குழுமம் என்னைக் கண்டித்து, அறிவுரை கூறி, இல்லத்துக்கு அனுப்பிற்று. அன்று என் தந்தையார் தலைகுனிந்து நின்ற காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பின்னர், புனேக்கு அண்மையிலுள்ள கடக்வாஸ்லாவில், தேசியப் பாதுகாப்பு அகாடெமியில் சேர விழைந்தேன். நிரப்ப வேண்டிய பத்திரமொன்றில், முன்பு எப்போதேனும் கைதானதுண்டோ, வழக்குக்கு உள்ளானதுண்டோ என்னும் வினாவைக் கண்டதும் என் எழுதுகோல் தயங்கி நின்றது.

நண்பன், "மறைத்துவிடு, யார் அறிவர்?" என்றான். வழக்கறிஞர் ஒருவரை அணுகினேன். அவர் கூறியதாவது: "தம்பி, 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உன் போன்றார்க்குச் சிறுவயதுக் குற்றத்தால் தகுதியிழப்பு நேராமற் காக்கிறது. ஆயினும், பணிக்கு விண்ணப்பிப்போர் கேட்ட விவரத்தை மறைத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்திருக்கிறது."

சிறுவனாய்ச் செய்த களவைச் சட்டம் மன்னித்தது. வாலிபனாய் எழுதும் பொய்யை மன்னிப்பார் யார்? உள்ளதை உள்ளவாறே எழுதினேன். அனுப்புமுன் தந்தையாருக்கு அதனைப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பத்திரத்தை வாங்கித் தம் கையாலேயே உறையிலிட்டார். அகாடெமியின் வாயில் எனக்குத் திறப்பினும் திறவாதொழியினும், அவ்வுறை என் கண்முன் நிற்கும்.